நாலு மில்லி ஓரம்

வெள்ளிக்கிழமைகளில் ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்ததும் சோபனா குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு ஒரு காரியம் செய்வாள். வலது மார்பின் அடிப்பக்கத்தில் இருந்த கட்டியை விரலால் தடவி, அதன் விளிம்பைத் தோலின் மேல் சில்வர் பேனாவால் வரைவாள். ஒரு மெல்லிய காகிதத்தை அதன்மேல் ஒற்றி எடுப்பாள். போன வாரத்துக் காகிதத்தின்மேல் அதை வைத்து வெளிச்சத்தில் பிடிப்பாள். இரண்டு வட்டமும் பொருந்தினால் சோப்புப் போட்டுத் தேய்த்துக் குளித்துவிட்டு வெளியே வருவாள்.

ஆம்பூருக்கு வெளியே நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு ஷூ கம்பெனியில் பதினாறு வருடமாக அவளுக்குச் செக்கிங் மேஜையில் வேலை. தைத்து வரும் ஷூவின் மேல்பாகத்தை, அப்பர் என்பார்கள், விளக்குக்கு அடியில் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டும். கீறலோ தையல் பிசகோ இருந்தால் சில்வர் பேனாவால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். பூச்சில் மயிரிழை விரிசல் தெரிந்தால் மட்டும் வட்டம் போட்டு ஒருநாள் தனியே வைப்பார்கள். மறுநாளும் விரிசல் வட்டத்தைத் தாண்டவில்லை என்றால் அது பாஸ். அந்த விதியைத்தான் சோபனா தன் உடம்புக்கும் போட்டாள். பதினோரு வாரம், பதினோரு காகிதம். கட்டி வட்டத்தைத் தாண்டவில்லை. ஆகவே பாஸ்.

தப்பான விதிதான். மூன்று மாதம் பெரிதாகாத கட்டியும் புற்றாக இருக்கலாம். ஆனால் அதை அவளுக்குச் சொல்ல வேண்டியவர்கள் யார்? கம்பெனியில் வருடத்துக்கு ஒருமுறை எல்லோருக்கும் கண் பரிசோதனை நடக்கும். கண் மங்கினால் குறை தப்பிப்போய் ஷூ வாங்கும் ஜெர்மனிக்காரன் சரக்கைத் திருப்பி அனுப்புவான் அல்லவா? அங்கே வேலை செய்யும் முந்நூறு பெண்களின் மார்பைப் பற்றி இதுவரை யாரும் ஒரு துண்டுச்சீட்டுகூட ஒட்டியதில்லை.

பன்னிரண்டாம் வெள்ளிக்கிழமை, பரணில் இருந்த சோப்பை எடுக்கக் கையை உயர்த்தியபோது கண்ணாடியில் அது தெரிந்தது. கட்டிக்கு நேர் கீழே தோல் ஒரு காசு அளவுக்கு உள்ளே குழிந்தது. கையை இறக்கினாள், குழி மறைந்தது. மறுபடி உயர்த்தினாள், குழிந்தது. காகிதம் தேவைப்படவில்லை. அப்பரில் தோல் அப்படிச் சுருங்கினால் கோளாறு தோலில் இல்லை, அடியில் எதுவோ பிடித்து இழுக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். வெளியே வந்து கணவனிடம் சொன்னாள்: "உள்ள ஏதோ புடிச்சு இழுக்குது. நாளைக்கே டாக்டரப் பாக்கணும்."

சம்பத் மினி லாரி ஓட்டுகிறவன். பேசினால் ஏதாவது செலவாகிவிடும் என்பதுபோல் வாய் திறப்பான். அவன் முதலில் செய்தது அண்ணனைக் கூப்பிட்டதுதான்.

அண்ணன் கோதண்டபாணி அறுபத்திரண்டு வயதுக்காரர். பால் சொசைட்டியில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே வளாகத்தில் முன்வீடு அவருடையது. சோபனாவுக்கு அவர் மூத்தார். அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் மூத்தார் முன்னால் தம்பி பெண்டாட்டி உட்காரக் கூடாது, நேருக்கு நேர் பேசக் கூடாது. அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாலும் "உங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க" என்று கணவன் வழியாகத்தான் பேச்சு போகும். இருபத்தோரு வருடமாக அப்படியே போனது.

கட்டியில் ஊசி விட்டுச் சோதித்த நர்சிங் ஹோமில், முடிவு வந்த அன்று இருந்தவை இரண்டு நாற்காலிகள். ஒன்றில் கோதண்டபாணி, இன்னொன்றில் சம்பத். சோபனா சுவரை ஒட்டி நின்றாள். டாக்டர் கோதண்டபாணியைப் பார்த்தே பேசினார்.

"கேன்சர்தான். ஆரம்பம்தான், பயப்பட வேண்டாம். மொத்தமா எடுத்துடலாம். வியாழக்கிழமை வெச்சுக்கலாமா?"

"மொத்தமா எடுத்துடுங்க சார்" என்றார் கோதண்டபாணி. "ஒரு பொட்டுகூட உள்ள வெக்காதீங்க. எங்க தங்கச்சி ராஜம்மாளையே இதுக்குத்தான் குடுத்தோம்."

எடுக்கப்படப் போவது யாருடையதோ அவளிடம் ஒருவரும் கேட்கவில்லை. ஒரு படிவம் வந்தது. பென்சிலால் குறி போட்ட இடத்தில் சம்பத் கையெழுத்துப் போட்டான். பேனா அவளிடம் வந்தது. செக்கிங் மேஜையில் தினமும் இருநூறு சீட்டில் கையெழுத்துப் போடுகிற கை அது. குறி எங்கே என்று கண் தேடியது, கை போட்டது. படிக்கவில்லை. பஸ் ஏறிய பிறகுதான், "இன்னா எழுதியிருந்துச்சு அதுல?" என்று கேட்டாள்.

"ஆபரேஷன்னு" என்றான் சம்பத்.

திங்கட்கிழமை அவள் வேலைக்குப் போனாள். பக்கத்து மேஜையில் இடது வலது ஜோடி சேர்க்கும் சுகரா பேகம் அவள் முகத்தைப் பார்த்ததும் கையிலிருந்த அப்பரைக் கீழே வைத்தாள்.

"இன்னாடி, யாரு செத்தா?"

சோபனா சொன்னாள். சுகரா பேகம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சரி, வேற வழி இருக்கான்னு கேட்டியா?" என்றாள்.

"யாருகிட்ட கேக்கறது? அவரு பேசினாரு, டாக்டரு பேசினாரு."

"நீ நின்னுக்கினு இருந்தே. நல்லா இருக்குது போ! ஒரு ஜோடி ஷூவுக்கு ஒம்போது பேர கேள்வி கேக்கறவ நீ. மேல்விஷாரத்துல எங்க தம்பி சம்சாரம் ஹீனாவுக்கு இதே கட்டிதான். வேலூர்ல பண்ணாங்க. கட்டிய எடுத்தாங்க, மாரு அப்படியே இருக்குது. மூணு வருஷமாச்சு, ஜம்முனு இருக்கா. எனக்கு டாக்டருப் பட்டம் இல்ல, உனக்கும் அதே பண்ணலாமான்னு தெரியாது. ஆனா கேக்கறதுக்கு இன்னா பேஜாரு?"

சூப்பர்வைசர் இன்பராஜ் தூரத்திலிருந்து, "அங்க இன்னா மாநாடு?" என்று கத்தினார்.

"பொம்பளைங்க மாநாடு சார், நீங்க வந்தா வெக்கப்படுவீங்க" என்றாள் சுகரா பேகம்.

செவ்வாய்க்கிழமை சோபனா லீவு போட்டுத் தனியாக வேலூருக்குப் பஸ் ஏறினாள். மடியில் ரிப்போர்ட்டும், ஊசியில் எடுத்த சதை ஒட்டிய கண்ணாடிச் சில்லுகளும் இருந்தன; அவற்றை நர்சிங் ஹோமில் நின்று கேட்டு வாங்கியிருந்தாள். வியாழக்கிழமைக்கு இரண்டு நாள்தான். தேதி போட்டுவிட்டார்கள், கையெழுத்தும் போட்டாயிற்று, இப்போது போய்க் கேட்பது குற்றமா என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டாள்.

டாக்டர் இஃப்ரா நாற்பது வயதுக்குள் இருப்பார். சோபனா உள்ளே போய் நின்றதும், "உட்காருங்க, நின்னுக்கிட்டே பேசற விஷயமில்ல இது" என்றார். சோதித்தார், மேமோகிராம் எடுக்கச் சொன்னார். மாலையில் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டினார்.

"கட்டி ரெண்டரை சென்டிமீட்டர். ஒரே இடத்துலதான் இருக்கு. உங்களுக்கு ரெண்டு வழி இருக்குது. ஒண்ணு, மார்பு முழுசா எடுக்கறது. இன்னொண்ணு, கட்டியையும் அதைச் சுத்தி நல்ல சதையில ஒரு ஓரத்தையும் எடுத்துட்டு மார்பைக் காப்பாத்தறது. ரெண்டாவது வழியில போனா கண்டிப்பா ரேடியேஷன் எடுக்கணும். ஒரு நாளும் விடக் கூடாது."

"எது எடுத்தா உயிர் நிக்கும்?"

"உங்கள மாதிரி ஆரம்பக் கட்டத்துல ரெண்டும் ஒண்ணுதான். ஆயிரக்கணக்கான பொம்பளைங்கள வருஷக்கணக்கா கவனிச்சுப் பாத்து எடுத்த முடிவு அது. மார்பைக் காப்பாத்தினா, அதே மார்புல திரும்ப வர்ற வாய்ப்பு கொஞ்சம் இருக்குது. அதனால வருஷா வருஷம் படம் எடுத்துப் பாப்போம்."

சோபனா படத்தையே பார்த்தாள். "அவ்ளோ எடுத்தா பள்ளம் விழாதா?"

"சும்மா தோண்டித் தைச்சா விழும். அடிப்பக்கம்கிறதால காம்பும் கீழ பாத்து வளைஞ்சுடும். அதனால மிச்சம் இருக்கிற சதையைத் திருப்பி அந்தப் பள்ளத்துல நிரப்புவோம். காம்பை மேல ஏத்துவோம். மார்பு சின்னதாகும், ஆனா வடிவம் இருக்கும். ரேடியேஷன் எல்லாம் முடிஞ்ச பிறகு, வேணும்னா இடது பக்கத்தையும் சின்னது பண்ணி ஜோடி சேத்துடலாம்."

பிறகு டாக்டர் மறைக்காமல் இன்னொன்றும் சொன்னார். எடுத்த துண்டின் ஓரமெல்லாம் மை பூசி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். புற்று அந்த மையைத் தொட்டிருந்தால் உள்ளே மிச்சம் இருக்கலாம் என்று பொருள். அப்படி வந்தால் மறுபடி ஆபரேஷன் தியேட்டருக்குப் போக வேண்டும். சில சமயம் முழுதாக எடுக்கவும் நேரும்.

"யோசிச்சுட்டு வாங்க. வீட்ல யாரையாவது கூட்டிட்டு வாங்க. ஆனா முடிவு உங்களோடது."

நாற்பத்து மூன்று வயதில் அந்த வாக்கியத்தை அவளிடம் சொன்ன முதல் ஆள் அவர்தான். படிப்பு, கல்யாணம், பிள்ளை, வேலை எல்லாமே அவளுக்காக முடிவு செய்யப்பட்டவை.

வீட்டில் அன்று இரவு முற்றத்தில் வைத்தே பேச்சு நடந்தது. கோதண்டபாணி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சோபனா கதவருகே நின்றாள்.

"வியாழக்கிழமை வேணாம்னு உங்க அண்ணன்கிட்ட சொல்லுங்க" என்றாள்.

"சம்பத்து, உன் பொண்டாட்டிக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்றார் அவர். "ரெண்டு புள்ளைங்களுக்குப் பால் குடுத்தாச்சு. இனிமே எதுக்குடா அது? அழகு பாக்கற வயசா? ராஜம்மாள் எப்படிச் செத்தான்னு மறந்துட்டியா?"

ராஜம்மாள் செத்த விதத்தை அந்த வீட்டில் யாரும் மறக்கவில்லை. ஆனால் சரியாக நினைவில் வைத்தவரும் இல்லை. கட்டி வெடித்துப் புடவை நனையும் வரை அவள் ஒன்றரை வருடம் யாருக்கும் காட்டவில்லை. ஆண்கள் நிறைந்த வீட்டில் எதைச் சொல்லிக் காட்டுவாள்? ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது நோய் ஈரலுக்குப் போய்விட்டிருந்தது. மார்பில் ஒரு பொட்டு மிச்சம் வைத்ததால் அவள் சாகவில்லை. வாய் திறக்க விடாத வெட்கம் கொன்றது. அந்த வெட்கத்தை அவளுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள்தான் இப்போது எல்லாவற்றையும் வெட்டச் சொன்னார்கள்.

கோதண்டபாணியின் பயம் பொய்யில்லை. ராஜம்மாளின் காயத்துக்குக் கடைசி நாள் வரை துணி மாற்றியவர் அவர்தான். அதனாலேயே அவர் சத்தம் ஏறிக்கொண்டே போனது.

"நாளைக்கு ஒண்ணுன்னா எங்கள கேக்கக் கூடாது. ஆமா, சொல்லிட்டேன்."

சோபனா உள்ளே போய்விட்டாள். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு நர்சிங் ஹோமிலிருந்து இரண்டு முறை போன் வந்தது. அவள் எடுத்து, "நான் வரல" என்றாள்.

அடுத்த வாரம் வேலூரில் படிவம் கொடுத்தார்கள். இந்த முறை பேனாவைக் கீழே வைத்துவிட்டு முதல் வரியிலிருந்து படித்தாள். நர்ஸ் இரண்டு முறை எட்டிப் பார்த்தாள். "தேவைப்பட்டால் மார்பு முழுவதையும்" என்ற இடத்தில் விரலை வைத்து, "இது எப்போ?" என்றாள். தன்னைக் கேட்காமல் அது நடக்காது என்று டாக்டர் இஃப்ரா கைப்பட எழுதிக் கையெழுத்திட்ட பிறகே அவள் போட்டாள். இருபது நிமிடம் ஆனது. அந்த இருபது நிமிடத்தை அவளுக்கு முன்பே யாராவது கொடுத்திருந்தால் உலகம் ஒன்றும் நின்றுபோயிருக்காது.

அறுவைக்கு முன், அவளை நிற்க வைத்து டாக்டர் நீலப் பேனாவால் கோடு போட்டார்.

"படுத்தா எடம் மாறிடும், அதானே நிக்க வெச்சுப் போடறீங்க?" என்றாள் சோபனா.

பேனா நின்றது. "உங்களுக்கு யார் சொன்னது?"

"மேஜை மேல தட்டையா வெச்சா அப்பர் எல்லாம் சரியாத்தான் தெரியும். கால் அச்சுல ஏத்தி நிறுத்தினாத்தான் கோணல் தெரியும்."

டாக்டர் சிரித்தார். சோபனாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

அறுவை முடிந்தது. அக்குளிலிருந்து எடுத்த நிணநீர்க் கணுக்களில் நோய் இல்லை என்று முதலிலேயே தெரிந்துவிட்டது. எடுத்த துண்டின் பரிசோதனை முடிவுக்குப் பத்து நாள் ஆகும் என்றார்கள். அந்தப் பத்து நாளும் முன்வீட்டிலிருந்து யாரும் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் "அழகு முக்கியமாப் போச்சு சில பேருக்கு" என்று பசுவிடமும் "நல்லது சொன்னா யார் கேக்கறா?" என்று காற்றிடமும் பேச்சு வந்துகொண்டிருந்தது. கட்டுக்குள் மார்பு விண்ணென்று தெறித்தது. தன் ஆசைக்காக இரண்டு பிள்ளைகளையும் தாயில்லாமல் ஆக்கிவிட்டேனா என்று அவள் கேட்டுக்கொள்ளாத மணி நேரம் இல்லை. இது ஆசையா? காலும் கையும் வேண்டும் என்பதற்கு அந்தப் பெயரை யாரும் வைப்பதில்லை.

பதினோராம் நாள் டாக்டர் அறைக்கு மூவரும் போனார்கள். மூன்று நாற்காலிகள் இருந்தன. சோபனா உட்காரவில்லை.

டாக்டர் இஃப்ரா சுற்றி வளைக்கவில்லை. "மத்த அஞ்சு பக்கமும் சுத்தமா இருக்குது. கீழ் ஓரத்துல மட்டும் மையைத் தொட்டிருக்குது."

கோதண்டபாணி எழுந்துவிட்டார்.

"நான் சொன்னனா இல்லியா? சம்பத்து, சொன்னனா இல்லியா? எடுத்துடுங்க டாக்டர், மொத்தத்தையும் எடுத்துடுங்க. இனிமே யார் பேச்சையும் கேக்க வேணாம்."

டாக்டர் அவர் பக்கம் திரும்பவில்லை. "சோபனா, முழுசா எடுக்கணும்னா எடுக்கலாம், தப்பில்ல. இல்லன்னா அந்த ஓரத்தை மட்டும் இன்னும் ஒரு சென்டிமீட்டர் எடுத்துப் பாக்கலாம். வடிவம் பெருசாக் கெடாது. ஆனா அதுலயும் மை தொட்டு வந்தா, அப்புறம் முழுசாத்தான் எடுக்கணும்."

சரி, எடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டால் இந்தக் கணத்திலேயே எல்லாம் முடிந்துவிடும். யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். நாக்கு நுனிவரை அது வந்தது. வேறு கேள்விதான் வெளியே வந்தது.

"உள்ள இருந்ததத்தான் திருப்பிப் போட்டுட்டீங்களே. இப்போ அந்தக் கீழ் ஓரம் எதுன்னு எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"நல்ல கேள்வி. கட்டி இருந்த எடத்தோட நாலு ஓரத்துலயும் சின்னச் சின்ன உலோகக் கிளிப் வெச்சுட்டுத்தான் திருப்பினேன். படத்துல தெரியும்."

"அப்போ எடம் தெரியும்."

"தெரியும்."

"குறை ஒரு எடத்துல இருக்குதுன்னு தெரிஞ்சா அந்த எடத்தத்தான் வெட்டணும்" என்றாள் சோபனா. "அந்த ஓரத்த மட்டும் எடுங்க. மறுபடியும் தொட்டு வந்தா நானே முழுசா எடுத்துக்கச் சொல்றேன்."

"சம்பத்து!" என்று கோதண்டபாணி கத்தினார். "வாயில இன்னா வெச்சிருக்கே? செத்தாலும் பரவால்லன்னு பேசறா பாரு உன் பொண்டாட்டி!"

சோபனா திரும்பினாள். கணவனைப் பார்க்கவில்லை. நாற்காலியை இழுத்து மூத்தாருக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

"மாமா, போன வருஷம் உங்க கால் விரல் கறுத்துப் போச்சு. மொத ஆஸ்பத்திரியில எடுத்துடணும்னாங்க. நாம சரின்னமா? இன்னொரு ஆஸ்பத்திரி போனோம். அங்கயும் அதையே சொன்னாங்க. மூணாவதா ஒண்ணு தேடிப் போனோம். அழுகினத மட்டும் கொஞ்சம் கொஞ்சமா, நாலு தடவ சொரண்டி எடுத்தாங்க. விரல் நின்னுச்சு. அந்தக் காலுக்குன்னு மெத்துத் தோல்ல கம்பெனில செருப்பு தைச்சு எடுத்துக்கினு வந்தது நான்தான். அறுவது வயசுல உங்களுக்கு விரல் எதுக்குன்னு அன்னிக்கு யாராவது கேட்டமா?"

அவர் கண்கள் தானாகக் கீழே, தன் இடது கால் செருப்புக்குப் போயின. "அது வேற..." என்று தொடங்கினார்.

சம்பத் டாக்டர் பக்கம் திரும்பினான். "எப்போ பண்ணலாம் டாக்டர்?" என்றான்.

அந்த வாரமே பண்ணினார்கள். மறுபடி ஒரு படிவம், மறுபடி அவள் முழுதாகப் படித்தாள். மறுபடி பத்து நாள். இந்த முறை பசுவோடும் காற்றோடும் யாரும் பேசவில்லை. சுகரா பேகம் மட்டும் தினமும் சாப்பாட்டு வேளையில் போன் செய்தாள். "வந்துச்சா?" "இல்ல." "வரும்டி. நீ இல்லாம இன்பராஜு சாரு எல்லாத்தையும் பாஸ் பண்ணி அனுப்புறாரு. ஜெர்மனிக்காரன் செருப்பால அடிப்பான்."

ரிப்போர்ட் தயார் என்று வேலூரிலிருந்து செய்தி வந்த அன்று, சோபனாவும் சம்பத்தும் கிளம்பும்போது கோதண்டபாணி வாசலில் சட்டை போட்டுக்கொண்டு நின்றார். யாரும் கூப்பிடவில்லை. யாரும் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வண்டியில் முன்னால் ஏறிக்கொண்டார்.

கவுண்டரில் பெயரைக் கூப்பிட்டதும் பழக்கத்தில் அவர் கைதான் முதலில் நீண்டது. உள்ளே இருந்த பெண், "பேஷன்ட் யாரு?" என்றாள். சோபனா கையெழுத்துப் போட்டு உறையை வாங்கிக்கொண்டாள். சுவரோரம் நீள பெஞ்ச் இருந்தது. போய் நடுவில் உட்கார்ந்தாள். உறையைப் பல்லால் கிழித்தாள்.

இரண்டு பக்கம் ஆங்கிலம். பதினாறு வருடமாக ஏற்றுமதிச் சீட்டுகளில் பார்த்த சொற்கள் சில மட்டும் புரிந்தன. மார்ஜின், அதாவது ஓரம், என்ற சொல் அவளுக்குத் தெரியும். அதைத் தேடிக் கண்டுபிடித்து, அந்த வரியில் விரலை வைத்து நகர்த்திக்கொண்டே போனாள். சம்பத் ஒரு பக்கம் நின்றான். இன்னொரு பக்கம், மெத்துச் செருப்புக் காலை ஊன்றிக்கொண்டு கோதண்டபாணி நின்றார்.

விரல் நின்றது. ஒரு எண். பக்கத்தில் மில்லிமீட்டர். அதற்கு முன்னால் கிளியர் என்ற சொல். மறுபடி முதலிலிருந்து படித்தாள். எண் மாறவில்லை. நல்ல அப்பரில் தோலின் ஓரத்தை மடித்துத் தைப்பதற்கு விடும் அதே அளவு. அவள் கண்ணுக்கு அளவுகோல் இல்லாமலே தெரியும்.

"இன்னாம்மா போட்டிருக்கு?" என்றார் கோதண்டபாணி. தம்பியிடம் அல்ல, அவளிடம்.

சோபனா மூன்றாம் முறையும் அந்த வரியைப் படித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"நாலு மில்லி மாமா. சுத்தம்."

அவர் தலையை ஆட்டினார். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கவுண்டரைப் பார்த்தார். சோபனா பெஞ்சில் சற்று நகர்ந்து இடம் விட்டாள். உட்காருங்கள் என்று சொல்லவில்லை. அவருக்குக் கால் வலித்திருக்க வேண்டும். சிறிது நேரம் கழித்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ரேடியேஷன் எப்போ ஆரம்பிக்கறாங்கன்னு கேட்டுட்டு வாங்க" என்று சம்பத்திடம் சொல்லப்போன சோபனா, பாதியில் நிறுத்தி, தானே எழுந்து டாக்டர் அறைப் பக்கம் நடந்தாள்.